பக்கத்து நிலத்து மாடு நம் பயிரில்: விரட்டுவதா, கட்டிப்போடுவதா, பேசுவதா?

வரப்போரம்:
எங்கள் நிலத்தை ஒட்டிப் பக்கத்துக்காரரின் மேய்ச்சல் நிலம். பசுக்கள், ஒரு கிடாரி, அவ்வப்போது ஒரு காளை. இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து விடியற்காலையில் எழுந்து பார்த்தால் அவை நம் பக்கம் நிற்கின்றன. மக்காச்சோளம் இப்போதுதான் முழங்கால் உயரம், அதில் ஒரு மூலை போய்விட்டது. தின்றதைவிட மிதித்தது அதிகம். சொட்டுநீர்க் குழாய் ஆங்காங்கே நசுங்கிக் கிடக்கிறது. சொன்னால், "வாயில்லாச் சீவன், அதுக்கென்ன தெரியும்?" என்கிறார். அதற்குத் தெரியாது, சரி. அவருக்குமா தெரியாது?

சண்டை போட விருப்பமில்லை. ராத்திரி ஒரு அவசரம் என்றால் முதலில் ஓடிவருகிறவர் அவர்தான். அதற்காக வருஷம் முழுக்க அவர் மாட்டுக்கு நான் தீவனம் விளைவிக்கவும் முடியாது. மாடு உள்ளே வந்துவிட்டால் சேதத்தைக் கூட்டாமல் எப்படி வெளியேற்றுவது? விரட்டினால் இன்னும் உள்ளே ஓடுகின்றன. வேலி யார் பொறுப்பு, நஷ்டத்தை யாரிடம் கேட்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாலுகால்:
வெளியேற்றுவது பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதற்கு வேறு யாராவது வருவார்கள்.

கத்திக்கொண்டு ஓடாதீர்கள். மாடு இரையாகும் இனத்தைச் சேர்ந்த விலங்கு. தன்னைச் சுற்றி ஒரு எல்லை வைத்திருக்கும், அதற்குள் ஆள் நுழைந்தால் விலகும். பழகிய கறவை மாட்டுக்கு அந்த எல்லை கைதொடும் தூரம்தான். மேய்ச்சலிலேயே வளர்ந்ததற்கு அது பல மீட்டர் இருக்கும். எல்லையின் விளிம்பில் நின்றால் மாடு நடக்கும், உள்ளே பாய்ந்தால் ஓடும். ஓடுகிற மாடுதான் குழாயை மிதிக்கும்.

எந்தப் பக்கம் நடக்கும் என்பது நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அதன் முன்னங்கால் தோள்பட்டைதான் கணக்கு. தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் முன்னே போகும், தோளைத் தாண்டி முன்னால் போய் நெருங்கினால் திரும்பும் அல்லது பின்வாங்கும். அமெரிக்க விலங்கியல் ஆய்வாளர் டெம்பிள் கிராண்டின் இதைப் படம் போட்டு விளக்கி உலகம் முழுக்கப் பண்ணைகளில் பரவச் செய்தார். ஆனால் மாடு மேய்க்கிற எந்தப் பையனைக் கேட்டாலும் இதையே செய்து காட்டுவான். நேர் பின்னாலிருந்து மட்டும் போகாதீர்கள். மாட்டுக்கு ஏறக்குறைய சுற்றிலும் கண் தெரியும், வாலுக்கு நேர் பின்னால்தான் தெரியாது. அங்கிருந்து திடீரென்று ஆள் வந்தால் மிரளும், இல்லையென்றால் உதைக்கும்.

மாட்டின் பக்கம் போவதற்கு முன் வெளியே போகும் வழியைத் திறந்து வையுங்கள். பலர் இதை மறந்துவிட்டு மாட்டை வேலி மூலையில் கொண்டுபோய் நெருக்குகிறார்கள், அது வேலியையும் பிய்த்துக்கொண்டு போகிறது. வந்த வழி தெரிந்தால் அதே வழியாகத் திருப்புவது சுலபம். இன்னும் சுலபம், ஒரு வாளியில் கொஞ்சம் தவிடு போட்டு ஆட்டுவது. வாளிச் சத்தம் பழகிய மாடு தானே பின்னால் வரும். முன்னோடி மாடு எது என்று பார்த்து அதைத் திருப்பினால் போதும், மற்றவை தொடரும். ஒற்றை மாடாகப் பிரித்துவிடாதீர்கள், தனியாக மாட்டிக்கொண்ட மாடுதான் பைத்தியமாக ஓடும்.

காளை இருக்கும்போது இதில் எதையும் தனியாக முயல வேண்டாம். பக்கவாட்டில் திரும்பித் தன் முழு உடம்பையும் காட்டி, தலையைத் தாழ்த்தி, மண்ணைக் காலால் பறித்தால் அது எச்சரிக்கை. முதுகைக் காட்டி ஓடாமல், பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். கன்று போட்ட பசுவும் அப்படித்தான். நாயைக் கூட்டிப் போகவே போகாதீர்கள். பசு நாயைத் துரத்தும், நாய் உங்கள் காலடிக்கு ஓடிவரும்.

மண்வெட்டி:
இத்தனை பாடம் எதற்கு? பிடித்துக் கட்டிப்போடுங்கள். காசைக் கொடுத்துவிட்டு ஓட்டிப் போகச் சொல்லுங்கள். இரண்டு தடவை இப்படிச் செய்தால் மூன்றாவது தடவை வேலி தானாக முளைக்கும். நல்லவனாக இருக்கிறவன் தலையில்தான் எல்லாரும் மிளகாய் அரைக்கிறார்கள்.

சட்டப்புள்ளி:
மண்வெட்டி சொன்னதில் பாதி சட்டத்திலும் உண்டு. மீதிப் பாதி உங்களையே குற்றவாளியாக்கும்.

பயிரில் நுழைந்த மாட்டைப் பிடித்து வைக்கும் உரிமை பல நாடுகளில் இருக்கிறது. ஆனால் வெறும் உரிமையாக இல்லை, கடமையோடு சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டப்படி பிடித்து வைக்கலாம். 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கும், உரிமையாளர் யாரென்று தெரிந்தால் அவருக்கும் தகவல் கொடுக்காவிட்டால் அந்த உரிமை போய்விடும். 14 நாள் கழிந்து, வழக்கோ உரிய பணமோ வராத நிலையில் சந்தையிலோ பொது ஏலத்திலோ விற்கலாம். அதுவரை தண்ணீர், தீவனம், பராமரிப்பு எல்லாம் பிடித்தவர் பொறுப்பு. கவனிக்காமல் மாடு கெட்டுப்போனால் நஷ்ட ஈடு அவர்தான் கொடுக்க வேண்டும். இந்தியாவின் 1871ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டத்திலும் பயிரை அழிக்கும் மாட்டைப் பிடிக்கலாம், ஆனால் 24 மணி நேரத்துக்குள் கொண்டித்தொழுவில், அதாவது அத்துமீறிய மாடுகளை அடைக்கும் பொதுப் பட்டியில், சேர்த்துவிட வேண்டும். வீட்டுக் கொட்டகையில் கட்டிவைத்துப் பேரம் பேசலாம் என்று அதில் இல்லை.

வேலி விஷயத்தில் நாடுகள் நேரெதிராகவே நிற்கின்றன. மாட்டை வைத்திருப்பவர்தான் அதை அடைத்து வைக்க வேண்டும் என்பது ஒரு மரபு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் பலவற்றில் திறந்த மேய்ச்சல் பகுதிகள் உண்டு, அங்கே மாடு வேண்டாம் என்கிறவர்தான் தன் நிலத்துக்கு வேலி போட வேண்டும். ஆகவே "அவர்தான் போடணும்" என்று சத்தம் போடுவதற்கு முன் உங்கள் இடத்தின் விதியை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வரப்பு எல்லை சம்பந்தமாகப் பழைய ஒப்பந்தம் ஏதாவது பத்திரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலி போடும் பொறுப்பு உங்கள் தரப்பில் எழுதியிருந்தால் கதை வேறு.

எங்கேயும் மாறாதது ஒன்று: மாட்டை அடிக்கவோ, காயப்படுத்தவோ, விஷம் வைக்கவோ கூடாது. பயிர் நஷ்டத்தில் வாதியாக நிற்க வேண்டியவர் மிருகவதையில் பிரதிவாதியாக நிற்பார்.

மண்வெட்டி:
விஷம் வைக்க நான் எங்கே சொன்னேன்?

சட்டப்புள்ளி:
நீங்கள் சொல்லவில்லை. கோபத்தில் படிக்கிற வேறு யாருக்காவது சொன்னேன்.

அசைபோடும்நேரம்:
நான் கால்நடைப் பக்கம் வேலை பார்ப்பவள். இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் நிலத்தில் அது என்ன தின்றது என்று பாருங்கள். அதை உடனே, அந்த நிமிஷமே, பக்கத்துக்காரரிடம் சொல்லுங்கள். கோபமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

தானியக் குவியலிலோ மூட்டையிலோ வாய் வைத்திருந்தால், மாடு பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். பழக்கமில்லாத மாடு அளவுக்கு மீறித் தானியம் தின்றால் வயிற்றில் அமிலம் கூடும். அசை போடுவது நிற்கும், தள்ளாடும், கழியும், ஒரு நாளுக்குள் படுத்துவிடலாம். அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தால் தாமதம்.

மிக இளம் சோளப் பயிர், வறட்சியில் வாடி மறுபடி துளிர்த்த சோளம், அறுத்த கட்டையில் வரும் மறுதாம்புத் துளிர் இவற்றில் சயனைடு நஞ்சு உண்டாகும். இது நிமிடக் கணக்கில் கொல்லும். மூச்சு வாங்கித் துடிக்கும், மாற்று மருந்தைக் கால்நடை மருத்துவர் ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டும். மக்காச்சோளத்தில் இந்தப் பயம் இல்லை, ஆனால் வறட்சியிலும் உரம் கூடுதலாகப் போட்டபோதும் தண்டில் நைட்ரேட் சேரும், அதுவும் ஆபத்துதான். யூரியா மூட்டையை நக்கியிருந்தால் சில மணி நேரம்கூடத் தாங்காது. பூச்சிமருந்து அடித்த பயிர் என்றால் என்ன மருந்து, எப்போது அடித்தது என்பதையும் சொல்லுங்கள், முடிந்தால் டப்பாவையே கொடுத்தனுப்புங்கள். மருத்துவருக்கு டப்பாவில் ஒட்டிய சீட்டு பாதி வேலையை முடித்துவிடும். வெறும் வயிற்றில் இளம் பயறுவகைத் தழையை மேய்ந்தால் வயிறு உப்பும். இடது விலாப்பக்கம் பறைபோல் புடைத்து நின்றால் மணி பார்க்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இதில் உங்களுக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் மேய்ந்த மாடு மறுநாள் செத்தால், ஊர் முதலில் உங்களைத்தான் பார்க்கும். "தின்றது இது, இத்தனை மணிக்குச் சொன்னேன்" என்று ஒரு குறுஞ்செய்தி இருந்தால் அந்தப் பேச்சு எழாது.

வரப்போரம்:
எல்லாருக்கும் நன்றி. உரக்கொட்டகைக்கு இன்றே தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். வாளி யோசனை அபாரமாக வேலை செய்கிறது, முன்னோடி எது என்று பார்த்தால் அந்தக் கிடாரியேதான்.

இனி பேச்சுதான் பாக்கி. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நஷ்டக் கணக்கோடு போனால் முகம் கோணும், கணக்கில்லாமல் போனால் "பார்த்துக்கறேன்" என்று முடிந்துவிடும்.

பழையகலப்பை:
முதலில் ஒன்று. மாடு உள்ளே நிற்கும்போது பேசாதீர்கள். அப்போது மாட்டைத் திருப்புங்கள், அவரைக் கூப்பிட்டு ஓட்டிப் போகச் சொல்லுங்கள், அவ்வளவுதான். பேச்சை அன்று மாலைக்கோ மறுநாளைக்கோ வையுங்கள். விடியற்காலையில் நசுங்கின பயிர் முன்னால் நின்று பேசினால், மாட்டைப் பற்றித் தொடங்கின பேச்சு பாட்டன் காலத்து வரப்பு வரை போகும்.

இரண்டாவது, அவர் மாடு ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். வயிறும் தொண்டையும் நிறைந்த மாடு பெரும்பாலும் வேலியைச் சோதிக்காது. அவர் பக்கம் புல் தீர்ந்துவிட்டதா? தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடக்கிறதா? ராத்திரி நாய்த் தொல்லையா? யாராவது படலைச் சரியாகச் சாத்தாமல் போகிறார்களா? விடியற்காலை என்கிறீர்கள், அப்படியானால் ராத்திரி எந்த நேரத்தில் தாண்டுகின்றன என்று பாருங்கள். குளம்புத் தடம் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று பார்த்தால் பாதி விடை தரையிலேயே இருக்கும். "உங்கள் மாடு என் பயிரைத் தின்கிறது" என்பதற்கும் "மேற்கு மூலையில் மூன்றாவது கம்பம் சாய்ந்திருக்கிறது, அங்கேதான் தாண்டுகிறது" என்பதற்கும் பெரிய வித்தியாசம். முதலாவதற்கு அவர் பதில் சொல்வார். இரண்டாவதற்குக் கடப்பாரையை எடுப்பார்.

மூன்றாவது, காசை முதலில் வைக்காதீர்கள். ராபர்ட் எல்லிக்சன் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 1980களில் கலிபோர்னியாவின் சாஸ்டா கவுண்டிக்குப் போய், தப்பி வரும் மாட்டுச் சண்டைகளை மக்கள் எப்படித் தீர்க்கிறார்கள் என்று விசாரித்தார். ரொனால்டு கோஸ் என்ற பொருளியலாளர் 1960இல் மாட்டுக்காரரையும் விவசாயியையும் உதாரணமாக வைத்து ஒரு பெரிய வாதம் எழுதியிருந்தார். சட்டம் யார் பக்கம் இருக்கிறது என்பதை வைத்து இருவரும் பேரம் பேசுவார்கள் என்பது அதன் அடிப்படை. எல்லிக்சன் நேரில் போய்ப் பார்த்தால் அங்கே பெரும்பாலானவர்களுக்குச் சட்டமே சரியாகத் தெரியவில்லை, தெரிந்தவர்களும் அதை எடுக்கவில்லை. மாட்டுக்குச் சொந்தக்காரர்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எல்லாருக்கும் எழுதாத விதி. சில்லறைச் சேதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், ஆனால் மனதில் ஒரு கணக்கு ஓடும். இன்றைக்கு அவன் மாடு, நாளைக்கு நம் தண்ணீர் அவன் வயலில். கணக்கு ரொம்பச் சாய்ந்தால் முதலில் சொல்லிப் பார்ப்பார்கள், பிறகு நாலு பேரிடம் பேசுவார்கள், அதற்கும் மசியாதவனிடம்தான் மிரட்டல் எல்லாம். காசாகக் கேட்பதை அநாகரிகமாகவே நினைத்தார்களாம்.

எனக்கு அது சரியென்று படுகிறது. காசு கொடுத்தவன் கடன் தீர்ந்தது என்று நினைப்பான், வேலி அப்படியே இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது வேலி. "கம்பி என்னுடையது, கம்பமும் ஆள் வேலையும் உங்களுடையது, ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம்" என்று நாளைக் குறித்துவிட்டு வாருங்கள். நசுங்கின குழாய்க்கு அவரே துண்டு வாங்கி மாட்டித் தரட்டும். குழாயைத் தன் கையால் ஒட்டினவருக்கு அடுத்த தடவை படல் சாத்தாமல் படுக்க மனசு வராது.

கரும்பலகை:
பழையகலப்பை சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு ஓடுவதற்கு இருவரும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், இருவரும் அங்கேயே வாழப்போகிறவர்களாகவும் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் வெளியூர். காவலுக்கு ஒரு ஆள், மாடு அவருடையதும் இல்லை. அவரிடம் என்ன கணக்கு வைப்பது? செல்வாக்குள்ளவர் மாடு என்றால் பொறுமை வேறு அர்த்தமாகிவிடும். இந்த வருஷம் பொறுத்தது அடுத்த வருஷம் அவருக்கு மேய்ச்சல் உரிமையாகிவிடும்.

அதனால் பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும், பதிவையும் தொடங்குங்கள். தேதி, நேரம், எந்த மாடு என்று குறியுங்கள். காதுவில்லை எண் தெரிகிற மாதிரி ஒரு படம், பயிர்ச் சேதத்தைத் தள்ளி நின்று ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம். குளம்படி நீர் பாய்ச்சியவுடன் அழிந்துவிடும், அதற்கு முன் எடுங்கள். யாரிடமும் காட்டிப் பயமுறுத்த வேண்டாம், வைத்திருங்கள். பேச்சு பலிக்காமல் நாலு பேர் நடுவில் உட்கார வேண்டி வந்தால் "எப்பப் பார்த்தாலும் வருது" என்பதற்கு மதிப்பில்லை.

பழையகலப்பை:
வெளியூர்க்காரர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அங்கே நான் சொன்னது செல்லாது. காவல்காரரை மட்டும் வையாதீர்கள், சம்பளம் வாங்குகிற மனிதர் நடுவில் மாட்டிக்கொள்கிறார். உரிமையாளருக்கு நேராக எழுத்தில் அனுப்புங்கள்.

மின்கம்பி:
மின்வேலி போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதனால் முன்கூட்டியே. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலை. மாடு மட்டும் சாகாது, விடியலில் மோட்டார் போடப் போகிற உங்கள் வீட்டு ஆளும் சாவார். அதற்கென்று துடிப்புக் கருவி இருக்கிறது, சூரிய ஒளியில் ஓடுவதும் உண்டு. வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், ஏறக்குறைய நொடிக்கொரு முறை கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத்தான் பாயும். சுரீரென்று இருக்கும், விட்டுவிடும்.

இது மாட்டைத் தடுப்பது கம்பி பலத்தால் இல்லை, நினைவால். முதல் தடவை மூக்கு பட்டு அனுபவிக்க வேண்டும். பழகாத மாடு மிரண்டு ஓடிவந்தால் அறுத்துக்கொண்டு போய்விடும். பசுவுக்கு மூக்கு உயரத்தில், 80–90 செ.மீ. அளவில் ஒற்றைக் கம்பி பெரும்பாலும் போதும். ஆட்டுக்கு அது வேலியே இல்லை, கீழே இன்னும் சில வரிசை வேண்டும்.

வேலை செய்யவில்லை என்று புகார் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மண்ணிணைப்பில் (எர்த்) கஞ்சத்தனம் செய்தவர்கள். குறைந்தது 3 எர்த் கம்பிகளாவது 3 மீட்டர் இடைவெளியில் மண்ணில் ஆழமாக இறங்க வேண்டும், கோடையில் அந்த இடத்தை ஈரமாக வையுங்கள். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் வேகம் செத்துவிடும். பாதை ஓரம் என்றால் எச்சரிக்கைப் பலகை கட்டாயம். உள்ளூரில் அனுமதி வேண்டுமா என்றும் விசாரியுங்கள்.

வரப்போரம்:
பேசினேன். தடம் பார்த்துவிட்டுத்தான் போனேன். மூலையில் வாய்க்கால் நுழைகிற இடத்தில் இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பி தொங்குகிறது, அந்த வழியாகத்தான் வருகின்றன. அவரும் வந்து பார்த்தார். கம்பம் நடச் சம்மதித்துவிட்டார். குழாய் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, நானும் இப்போதைக்கு விட்டுவிட்டேன். படமெல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன், கரும்பலகை.

ஒரு புதுச் சந்தேகம். நேற்று அந்தக் காளையும் உள்ளே வந்து எங்கள் இளங்கிடாரி கட்டியிருந்த பக்கம் நின்றது. ஏதாவது நடந்திருக்குமா தெரியவில்லை. கிடாரிக்கு இன்னும் வளர்ச்சி போதாது.

மண்வெட்டி:
காளை சேர்ந்ததற்குப் பொலிகாசு கேட்டு அவர் வராமல் இருந்தால் சரி.

அசைபோடும்நேரம்:
அன்று கிடாரி பருவத்தில் இருந்ததா? கத்தியது, வழும்பு ஒழுகியது, மற்ற மாட்டின் மேல் தாவியது ஏதாவது பார்த்தீர்களா? பருவத்தில் இல்லாத கிடாரி காளையை ஏறவிடாது. தெரியவில்லை என்றால் தேதியைக் குறித்துவைத்து 21 நாள் பக்கத்தில் கவனியுங்கள். மறுபடி பருவத்துக்கு வந்தால் பெரும்பாலும் சினை இல்லை.

ஆனால் வளர்ச்சி போதாது என்கிறீர்கள், அதனால் காத்திருப்பதோடு நிறுத்தாதீர்கள். சினை பிடித்தால் ஏறக்குறைய 280 நாளில் கன்று, இடுப்பெலும்பு குறுகிய கிடாரிக்குக் கன்று சிக்கும். வேண்டாத சினையைக் கலைக்க ஊசி இருக்கிறது. இணைந்த அன்றே போட்டால் பிடிக்காது, ஒரு வாரம் பத்து நாளாவது போக வேண்டும். மாதக்கணக்கில் தள்ளினாலும் சிரமம். மருத்துவரிடம் இப்போதே சொல்லிவைத்து நாள் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேன் வசதி இருந்தால் ஒரு மாதத்திலேயே தெரியும், கைவிட்டுப் பார்ப்பதற்கு அதைவிடக் கூடுதல் நாள் வேண்டும்.

அந்தக் காளை எந்தெந்த மந்தைக்குப் போகிறது என்றும் பக்கத்துக்காரரிடம் கேளுங்கள். இணைசேர்வதால் பரவும் நோய்கள் உண்டு, கருச்சிதைவு நடந்த மாடு அவர் மந்தையில் இருந்தால் மருத்துவருக்கு அது தெரிய வேண்டும். கம்பம் நடும்வரை கிடாரியை அந்தப் பக்கம் கட்டாதீர்கள், வீட்டுப் பக்கம் மாற்றுங்கள்.

வரப்போரம்:
இன்றே மாற்றிவிடுகிறேன். மருத்துவரை நாளை காலை கூப்பிடுகிறேன், கேட்ட கேள்விகளை அப்படியே எழுதிவைத்துக்கொண்டேன்.